சொந்த நாய்க்கு நாமளே கடி பழக்கலாமா? குட்டியில இருந்து ஆரம்பிச்சவங்க சொல்லுங்க

கேள்வி, 9 ஜூன் 2024

கோபி பக்கம் தோட்டத்துல இருக்கேன். 3 மாசம் ஆன மாலினாய்ஸ் குட்டி வெச்சிருக்கேன். ஐஜிபி (மோப்பம், கீழ்ப்படிதல், காப்பு மூணும் சேந்த நாய்ப் போட்டி) மாதிரி ஸ்போர்ட் பண்ணணும்னு ஆசை, காவலுக்கு மட்டும்னு வாங்கல. ஒருத்தர் 6 மாசம் வரைக்கும் கடிங்கற பேச்சே எடுக்காதேங்கறார், இன்னொருத்தர் இப்பவே ஆரம்பிக்கலைன்னா டிரைவ், அதாவது துரத்திப் புடிக்கற வேகம், செத்துப்போயிரும்ங்கறார். பக்கத்துல ஹெல்ப்பர் (பழக்கறப்ப நாய்க்கு எதிராளியா நின்னு கடி வாங்கற ஆளு) யாரும் கிடையாது. நானே பண்ணலாமா?

9 ஜூன் 2024, ராத்திரி

பண்ணலாம். நானே பண்ணிட்டுத்தான் இருக்கேன். காங்கேயம் பக்கம் நம்முளுது, வீட்டுக்கு முன்னால கொப்பரைக் களம், பின்னால கொறங்காடு, அதான் மேய்ச்சக் காடு. ஏப்ரல்ல 8 வாரக் குட்டியா ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு எடுத்துட்டு வந்தேன், பேரு மைனா, வர்க்கிங் லைன் (வேலைக்குன்னே வளர்த்த வம்சம்), சாம்பலும் கருப்பும் கலந்த நிறம். வந்த மூணாம் நாள்ல இருந்து துணி வெச்சு விளையாட்டு ஆரம்பிச்சாச்சு.

மொதல்ல இந்த 'கடி ட்ரெய்னிங்'ங்கற பேரே சரியில்ல. 3 மாசக் குட்டிக்கு யாரையும் கடிக்கச் சொல்லித்தரல, ஓடுற சாமானத் துரத்திப் புடிக்கற குணம் அதுக்கு பொறவியிலயே இருக்குது, அத ஒரு துணிக்குப் பழக்கறோம், அவ்வளவுதான். ப்ரே டிரைவ்னு சொல்றது அதத்தான். நெறயப் பேரு பண்ற தப்பு என்னன்னா துணிய குட்டி மூஞ்சிக்கு நேரா கொண்டு போயி ஆட்டுறது. எலி எங்கயாச்சும் பூனை வாயில தானா வந்து உழுகுமா? துணி குட்டிகிட்ட இருந்து அக்கட்டால ஓடோணும், தரையோட தரையா, வெடுக்கு வெடுக்குனு நின்னு நின்னு ஓடோணும். ரெண்டு மூணு தடவை தப்ப விட்டு அப்புறம் புடிக்க விடணும். புடிச்சா அது ஜெயிச்ச மாதிரி, துணிய விட்டுறணும், தூக்கிட்டு பெருமையா ஒரு சுத்து சுத்தட்டும்.

நேரம்? ரெண்டு நிமிசம். மூணு நிமிசமே எச்சு. இன்னொரு தோசை வேணும்னு இருக்கறப்பவே எலைய எடுத்துறணும். அப்பத்தான் நாளைக்கு நீங்க துணிய எடுக்கறதுக்குள்ள அது வந்து நிக்கும்.

ஹெல்ப்பரெல்லாம் ஒரு வருசத்துக்கு வேண்டியதில்ல, நாமளே பாத்துக்கலாம்ங்கறது என்ற அபிப்பிராயம்.

10 ஜூன் 2024

துணி எதுன்னு கேட்டிருக்காங்க. கடையில சின்ன டக், பைட் பில்லோன்னு நாய் கவ்வறதுக்கு மெத்தையெல்லாம் விக்குது, ஆனா குட்டி பல்லுக்கு அதெல்லாம் வேண்டியதில்ல, நான் சாக்குலயே தெச்சுக்கறேன். பழைய சணல் சாக்கு ஒண்ண நாலா மடிச்சு, ஒரு முழ நீளத்துக்கு சுருட்டி, கோணி ஊசியில சணல் கோத்து ஓரத்த மட்டும் எட்டத் தையல் போட்டு ஓட்டுனா போதும். நடுவுல தையல் போடாதீங்க, பல்லு மாட்டும். ரெண்டு முனையிலயும் புடி வெச்சுக்கோணும், கை கடி படுற எடத்துல இருக்கவே கூடாது. தேங்கா நாரு கயிறு மட்டும் ஆகவே ஆகாது, ஈறு அறுத்துரும். பொள்ளாச்சிக்காரரு ஒருத்தர் "எங்கூர்ல நாருக்கா பஞ்சம்"னு போட்டிருந்தாரு, பஞ்சமில்லீங்க, ஆனா உங்க வாயில வெச்சு இழுத்துப் பாத்துட்டு சொல்லுங்க.

சாக்கு ஏன்னா அது நல்லா அமுங்கும், பல்லு உள்ள எறங்கும். குட்டி வாய் நெறய கவ்வணும், அதான் முக்கியம். முன்பல்லுல நுனியப் புடிச்சு கிள்ளுற பழக்கம் வந்துச்சுன்னா பின்னால மாத்தறது பெரும்பாடு. கவ்வுன எடத்துல கடவாய்ப்பல்லு வரைக்கும் துணி போயிருக்கோணும்.

16 ஜூன் 2024

மேல எழுதுனதுல ஒரு திருத்தம். கொப்பரை ஏத்துன சாக்கு வேண்டாம்.

ஒரு வாரமா மைனா கவ்வுனதும் விட்டு விட்டு மறுபடி மறுபடி கவ்வுது, டைப் அடிக்கற மாதிரி, எடம் மாத்திட்டே போகுது. நரம்புல ஏதோ கோளாறு, டிரைவு பத்தல, கிரிப்பு கெட்டுப்போச்சுன்னு நான் ராத்திரியெல்லாம் வீடியோவா பாத்துட்டு கெடந்தேன். அம்மா வந்து சாக்க மோந்து பாத்துட்டு "ஏண்டா, இத எண்ணெ வாசத்தோட குடுத்தா அது திங்காம என்ன பண்ணும்"னுட்டுப் போயிட்டாங்க. அது கடிக்கல, சப்பிட்டு இருந்துருக்குது. சக்கரை மூட்டை சாக்குக்கு மாத்துனேன், அதுலயும் எறும்பு. இப்ப அரிசி சாக்கு, நல்லா அலசி காயப்போட்டது. கிரிப்பு சரியாயிருச்சு.

2 ஜூலை 2024

சாக்குல ரத்தம். பயந்துராதீங்க, பல்லு உழுகுது. நாலு மாசத்துக்கு மேல இது ஆரம்பிக்கும், பால் பல்லு 28 உழுந்து 42 மொளைக்கோணும், முடியறதுக்கு ஆறு ஏழு மாசம் ஆயிரும். இந்த நேரத்துல இழுவை கிழுவை எதுவும் கூடாது. கவ்வுனா வலிக்கும், வலிச்சா விடும், 'கவ்வுனா வலிக்கும்'ங்கறது மனசுல ஏறிப்போச்சுன்னா அப்புறம் எந்த ஹெல்ப்பர் வந்தும் ஒண்ணும் பண்ண முடியாது. கோபி தம்பி, உன்றதுக்கும் இன்னும் ஒரு மாசத்துல இதே கதைதான். நிறுத்திரு. துரத்தறது ஓடறது வேணும்னா வெச்சுக்க, மூங்கில் குச்சி நுனியில கயிறு கட்டி அதுல துணிய மாட்டி ஓட விடு, புடிச்சா ஒடனே விட்டுரு. அதுலயும் எகிறிக் குதிக்க விடாத, எலும்பு இன்னும் மூடல.

டிரைவ் செத்துரும்னு சொன்னாரே ஒருத்தர், அவரு கிட்ட கேளு, ரெண்டு மாசம் சோறு நல்லாத் திங்கலைன்னா பசிங்கறதே மறந்துருமான்னு.

3 ஜூலை 2024

அப்பா வெடியால களத்துல வெறுங்கால்ல நடக்கறப்ப ஒரு பால் பல்லு குத்தியிருச்சு. நாய்க்கு இன்னும் கடிக்க சொல்லித்தரலைன்னு சொன்னேன், அவரு சிரிக்கல.

4 ஆகஸ்ட் 2024

ஒரு கெரகத்த சொல்றேன் கேளுங்க. நேத்து ஆடிப்பதினெட்டு, வீட்டுல ஒறம்பரை. அப்பாவோட சங்கத்துக்காரரு ஒருத்தர், பெரியவரு, வழக்கம்போல பச்சைத் துண்டு தோள்ல போட்டுட்டு வந்தாரு. நான் மே மாசத்துல சாக்கு கெடைக்காதப்ப என்ன பண்ணியிருந்தேன்னா, அப்பாவோட பழைய பச்சைத் துண்டு ஒண்ண ஒரு மாசம் மைனாவுக்கு விளையாட்டுத் துணியா வெச்சிருந்தேன். அந்தத் துண்டு கிழிஞ்சு போயி வெகு நாளாச்சு, நானே மறந்துட்டேன். மைனா மறக்கல.

பெரியவரு திண்ணையில உக்காந்து துண்ட எடுத்து மூஞ்சியத் தொடச்சு ஒதறுனாரு பாருங்க. கட்டுத்தரையில படுத்துட்டு இருந்தது எப்பிடி வந்துச்சுன்னே தெரியல, துண்டு ஒரு முனை அதுகிட்ட, இன்னொரு முனை அவருகிட்ட. அவரு விடாம இழுக்கறாரு, அது இன்னும் ஆழமாக் கவ்வுது. கவ்வுறது ரொம்ப அருமையான கவ்வு, அதச் சொல்லியே ஆகோணும், கண்ணு அப்பிடியே அமைதியா இருக்குது, உறுமலே இல்ல. ஆனா அத ரசிக்கற நெலமையில அங்க யாருமில்ல. "விட்டுருங்க மாமா, விட்டுருங்க"ன்னு நான் கத்த, "என்ற துண்ட நான் ஏன்டா விடோணும்"னு அவரு. கடைசியில அவரு விட்டாரு. அது துண்ட தூக்கிட்டு களத்த ஒரு சுத்து சுத்திட்டு என்ற காலடியில கொண்டாந்து போட்டுச்சு, நான் சொல்லிக் குடுத்த மாதிரியே.

அப்பா ரெண்டு நாளா என்னோட பேசறதில்ல. புதுத் துண்டு வாங்கிக் குடுத்தாச்சு.

ஆக, வீட்டுல புழங்கற எந்தத் துணியும் விளையாட்டுக்கு எடுக்காதீங்க. துண்டு, லுங்கி, பழைய சேலை, ஒண்ணும் வேண்டாம். விளையாட்டுச் சாமான் விளையாட்டு நேரத்துல மட்டும்தான் வெளிய வரோணும், முடிஞ்சதும் பெட்டிக்குள்ள.

6 ஆகஸ்ட் 2024

"நாய்க்கு பச்சை தெரியாதே, அப்புறம் எப்பிடி"ன்னு ஈரோட்டுல இருந்து ஒருத்தர். அவரு சொல்றது சரி. நாய்க் கண்ணுல ரெண்டு வகை கூம்புசெல்லுதான், நமக்கு மூணு. நீலமும் மஞ்சளும் பிரிச்சுப் பாக்கும், செகப்பும் பச்சையும் அதுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி மங்கலாத்தான் இருக்கும். நான் வெச்சுப் பாத்தேன். கொடியில தொங்குற பச்சைத் துண்ட மைனா திரும்பிக்கூடப் பாக்கல. வெள்ளத் துண்ட எடுத்து ஒதறுனேன், வந்து நின்னுருச்சு. அப்ப அது பழகுனது நெறத்துக்கு இல்ல, ஒதர்ற அந்த அசைவுக்கு. அந்தப் பெரியவரு துண்ட ஒதறாம மடிச்சுத் தொடச்சிருந்தா ஒண்ணும் நடந்திருக்காது. இத அவருகிட்ட போயி விளக்கலாம்னு நெனச்சேன், வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க.

22 செப்டம்பர் 2024

கடி வாங்கிட்டேன். வலது கை, கட்டை வெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல இருக்கற சதை. கோரைப்பல்லு ஒண்ணு நல்லா எறங்கிருச்சு.

பல்லு மொளைச்சு முடிஞ்சதுன்னு பத்து நாளா மறுபடி சாக்கு எடுத்தேன். முழ நீளச் சாக்கு, அது குட்டியா இருந்தப்ப தெச்சது, இப்ப அதோட வாய்க்கு அது போதாது, எனக்கு அது உறைக்கல. பொழுதோட களத்து வேலையெல்லாம் முடிச்சு அலுத்துப் போயி வந்து ஒரு கையில போன்ல வீடியோ, ஒரு கையில சாக்கு, அதையும் நடுவுல புடிச்சிருக்கேன். அது குறி பாத்தது சாக்க, கெடைச்சது கை. கைய ஒடனே இழுத்தேன், அதான் கிழிஞ்சிருச்சு. இழுக்காம இருந்திருந்தா ஓட்டையோட போயிருக்கும். அது ஒடனே விட்டுட்டு காதப் பின்னால மடிச்சுட்டு நின்னுச்சு, அதுக்கும் தெரிஞ்சிருச்சு.

பைப்புல தண்ணிய விட்டு சோப்புப் போட்டு கால் மணி நேரம் கழுவுனேன். நம்ம நாய்தானே, ஊசி போட்ட நாய்தானேன்னு உட்ற வேண்டாம், நேரா ஜி.எச். போயிட்டேன். தோலுக்குள்ள போடுற ஊசி, இன்னைக்கு, மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். டி.டி. ஒண்ணு தனியா. "யாரு நாய்"னு நர்ஸம்மா கேட்டாங்க. "என்றதுதானுங்க." "எப்பிடி கடிச்சுச்சு?" "சொல்லிக் குடுத்துட்டு இருந்தனுங்க." எழுதறத நிறுத்திட்டு என்னைய ஒரு பார்வை பாத்தாங்க.

23 செப்டம்பர் 2024

"அப்பவே ரெண்டு வெச்சிருந்தா இனிமே கை பக்கம் வராது"ன்னு மூணு பேரு. எதுக்குங்க வெக்கறது? கையக் கொண்டு போயி வாயில வெச்சது நானு. அது கடிச்சதுக்கு அடி உழுந்தா அது கத்துக்கறது 'சாக்க கவ்வுனா அடி'ன்னுதான், 'கைய கவ்வுனா அடி'ன்னு பிரிச்செல்லாம் பாக்காது. சாக்க பெருசாத் தெச்சாச்சு, ஒண்ணரை முழம், ரெண்டு பக்கமும் புடி. போன் வீட்டுக்குள்ள.

10 நவம்பர் 2024

அவுட், அதான் விடுன்னதும் வாய விடறது, அதப் பத்தி கேட்டிருந்தீங்க, இப்பத்தான் எழுதற அளவுக்கு எனக்கே புரிஞ்சுது.

ஐஜிபியில, அதாவது முந்தி ஷுட்சுண்டுன்னு இருந்து ஐபிஓ ஆகி 2019ல இருந்து ஐஜிபின்னு ஆனதுல, மூணு பகுதி. மோப்பம் 100, கீழ்ப்படிதல் 100, காப்பு 100. ஒவ்வொண்ணுலயும் 70 எடுக்கோணும். இந்தக் காப்புப் பகுதியில ஜனங்க நெனைக்கற மாதிரி கடிச்சுக் கொதறுறதுக்கு மார்க் கெடையாது. மறைவுக்குள்ள ஹெல்ப்பர் அசையாம நின்னா நாய் தொடாம முன்னால நின்னு குரைக்கோணும், அசையாத ஆள கடிச்சா மார்க் போச்சு. கடிச்சதுக்கப்புறம் ஹெல்ப்பர் நின்னுட்டா, விடுன்னதும் விடோணும். எச்சா ரெண்டு தடவை சொல்லிப் பாக்கலாம், அதுக்கும் விடலைன்னா நாயக் கூட்டிட்டு வெளிய போயிற வேண்டியதுதான், அன்னைக்கு அவ்வளவுதான். விடத் தெரியாத நாய்க்கு கடிக்கத் தெரிஞ்சும் புண்ணியமில்ல.

நான் மொதல்ல என்ன பண்ணுனேன், வாயத் தொறந்து புடுங்குனேன். புடுங்கப் புடுங்க இன்னும் இறுக்கிப் புடிச்சுது. பின்ன புடிக்காதா, இத்தனை மாசம் நான் இழுத்தா அது கவ்வோணும்னு பழக்கியிருக்கேன், இப்ப இழுத்துட்டே விடுங்கறேன். இப்பப் பண்றது இதுதான்: சாக்க முழங்காலோட சேத்து அழுத்திப் புடிச்சுக்கறது, ஒரு அசைவு இல்ல, நானும் செல மாதிரி. சாக்கு செத்துப்போச்சு. எலி செத்துப்போனா பூனைக்கு அதுல என்ன சுவாரஸ்யம். அஞ்சு செகண்டு, பத்து செகண்டு, ஒரு நாள் நாப்பது செகண்டு நின்னேன், முதுகு போச்சு. வாய் லேசா தளர்ற அந்த எடத்துல "விடு"ன்னு ஒரு சொல்லு, விட்டதும் அடுத்த நொடி சாக்குக்கு உசுரு வந்து ஓடும், மறுபடி கவ்விக்கலாம். விட்டாத்தான் மறுபடி கெடைக்கும்னு அதுக்குப் புரிய மூணு வாரம் ஆச்சு. எனக்குப் புரிய ஆறு மாசம்.

இன்னொண்ணு. அது கவ்வி இருக்கறப்ப நான் இழுத்துட்டே இருப்பேன், அதான் விளையாட்டுன்னு நெனச்சுட்டு. தப்பு. லேசா தளத்தி விட்டா அது தானா ஒரு முட்டு முட்டி உள்ள ஏறிக் கவ்வுது. அந்த நொடியில நாம தோத்துக் குடுக்கோணும், ரெண்டு அடி அது பக்கம் போயிறணும். அப்ப ஏறிக் கவ்வுனா ஜெயிக்கலாம்னு அதுவே கண்டுபுடிச்சுக்கும். ஆடிப்பதினெட்டன்னிக்கு அந்தப் பெரியவரு இழுத்து இழுத்து விட்டாரே, அன்னிக்கே பாத்திருக்கோணும் நானு. அவரு என்னைய விட நல்ல ஹெல்ப்பர்.

11 நவம்பர் 2024

அந்தப் பெரியவரையே ஹெல்ப்பரா வரச் சொல்லுங்கறீங்க. இல்லீங்க, அவரு கிட்ட கேக்க மாட்டேன்.

5 ஜனவரி 2025

9 ஜூன்ல நான் எழுதுனத எடுத்துப் படிச்சேன். 'ஹெல்ப்பரெல்லாம் ஒரு வருசத்துக்கு வேண்டியதில்ல'ன்னு பெருசா அடிச்சு உட்ருக்கேன். வாபஸ்.

நடந்தது என்னன்னா, கோயமுத்தூர் பக்கம் இருந்து தெரிஞ்சவரு மூலமா ஒரு ஹெல்ப்பர் போன ஞாயித்துக்கெழமை வந்தாரு. மெலிஞ்ச மனுசன், அதிகம் பேசறதில்ல. மைனாவுக்கு ஹார்னஸ் (நெஞ்சுப் பட்டை) போட்டு, லைன, அதாவது நீளக் கயித்த, வேப்பமரத்துல கட்டச் சொன்னாரு. கழுத்துப் பட்டையில கட்டாதீங்க, முன்னால பாயறப்பெல்லாம் கழுத்து நெருக்குனா பாயறதே வேண்டாம்னு ஆயிரும்னாரு. நான் ஏழு மாசமா பட்டையிலதான் கட்டிட்டு இருந்தேன்.

அப்புறம் சாக்க எடுத்துட்டு வந்தாரு, நேரா வரல, ஒரு பக்கமா சாஞ்சு, நாயப் பாக்காம, பாத்துட்டு பயந்த மாதிரி ஓடி. மைனா குரைச்சுது பாருங்க, அந்தக் கொரலு நான் கேட்டதே இல்ல. என்னோட விளையாடறப்ப அது குரைக்கவே குரைக்காது. ஏன் குரைக்கப் போகுது, நான் அதோட ஆளு. எங்கிட்ட அது சாக்கத்தான் பாக்கும், அவருகிட்ட ஆளையும் சேத்துப் பாத்துச்சு. கவ்வுனதும் நான் பண்ற மாதிரி இழுத்துட்டு நிக்காம, ஒரு நொடி தளத்தி, அது ஏறிக் கவ்வ, "ஐயோ"ங்கற மாதிரி ஒடம்ப மடிச்சு உட்டுட்டாரு. மொத்தமே நாலு தடவை கவ்வ விட்டாரு. அஞ்சாவது நான் கேட்டேன், "வேண்டாமுங்க, அது கேக்கட்டும், நீங்க கேக்க வேண்டாம்"னாரு.

எனக்குக் குடுத்த வேலை லைன் ஓரமா நின்னு, கவ்வுனப்புறம் அத சுத்தி நடக்க விட்டு, பக்கத்துல உக்காந்து நெஞ்சத் தடவிக் குடுக்கறது மட்டும். சாக்க வாயில வெச்சுட்டு மூச்சு சீராகற வரைக்கும். அப்பத்தான் கவனிச்சேன், வாயில கவ்வுன சாக்கோட அதுக்கு மூக்கு வழியா மூச்சு உட்டு அமைதியா இருக்கத் தெரியுது, மெல்லாம, ஒதறாம.

இதுல நான் ஹெல்ப்பர் வேண்டாம்னு ஏன் அடம் புடிச்சேங்கறதையும் சொல்லியாகோணும். 2021ல ஒரு ஆண் நாய் இருந்துச்சு. அஞ்சு மாசத்துல ஒரு ட்ரெய்னர்கிட்ட மூணு மாசம் விட்டேன், கடி பழக்கித் தரேன்னாரு. பழக்குனாரு. மூலையில கட்டிப் போட்டு, சாட்டையச் சொடுக்கி, மூஞ்சிக்கு நேரா போயி மெரட்டி, வேற வழியில்லாம அது கடிக்கற வரைக்கும். டிஃபென்ஸ் டிரைவ்ல எறக்கறதுன்னு அதுக்குப் பேரு, அஞ்சு மாசக் குட்டிய. திரும்பி வந்தப்ப வீடியோவுல பாத்தா பல்லெல்லாம் காட்டிட்டு பயங்கரமாத்தான் இருந்துச்சு. வால் எங்க இருந்துச்சுன்னு அப்ப எனக்குப் பாக்கத் தெரியல. அது கோவத்துல கடிக்கல, பயத்துல கடிச்சுது. பால்காரரு வந்தா பயம், தென்னை ஏற வந்தவங்க வந்தா பயம், நங்கையா கொடை விரிச்சா பயம். ரெண்டு பேர கடிச்சப்புறம் சாகற வரைக்கும் கூண்டுலதான் இருந்துச்சு. ட்ரெய்னர் மேல எனக்குக் கோவம் இருக்குது, ஆனா காசு குடுத்து வீடியோ பாத்து கை தட்டுனது நானுதான்.

அதனால எவனையும் நம்பக்கூடாதுன்னு இருந்தேன். இப்ப என்ன தோணுதுன்னா, துணி விளையாட்டு, அவுட்டு, தூக்கிட்டு நடக்கறது, இதெல்லாம் நாம. எதிராளியா நிக்கறது நாம இல்ல. ராத்திரி சோறு போடற கை பகல்ல எதிரியா வந்தா அதுக்கும் கொழப்பம், நமக்கும் ஆபத்து.

19 ஜனவரி 2025

கோபி தம்பி எழுதியிருக்கான், அவன் மாலினாய்ஸ் இட்டேரியில (ரெண்டு வேலிக்கு நடுவுல போற தடம்) சைக்கிள்ல போன பையன் கால்சட்டையப் புடிச்சிருச்சாம், கிழிசல் மட்டும், காயமில்ல. நானும் மேல பெருசா எழுதாம விட்ட சமாச்சாரம் இது. துரத்தற குணத்த நாம தூண்டி விட்டாச்சு, அது சாக்கோட நின்னுக்கும்னு யாரு சொன்னது? வேலி இல்லாத தோட்டத்துல அவுத்து உடாத. கிளுவ வேலியெல்லாம் ஆட்டுக்குப் போதும், மாலினாய்ஸ்க்குப் போதாது. போன வருசம் ஜூலையில இருந்து புதுச் சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா 291, நாய அஜாக்கிரதையா வெச்சு ஆபத்து வர விட்டா ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்லைன்னா 5,000 வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். சட்டம் கெடக்கட்டும், அந்தப் பையன் வீட்டுக்குப் போயி பேசிட்டு வந்தயா?

அப்புறம் காவலுக்கு ஆகும்னு இத ஆரம்பிக்கறவங்க தயவுசெஞ்சு வேண்டாம். காவலுக்கு எங்க தோட்டத்துல கோம்பை கலப்பு ஒண்ணு இருக்குது, சடையன், ஒம்பது வயசு. அதுக்கும் ஒரு நாள் சாக்க ஆட்டிக் காட்டுனேன். சாக்கப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு, எந்திரிச்சுப் போயி நெழலுல படுத்துக்குச்சு. அதே சடையன் இருட்டுனதுக்கப்புறம் பட்டிப் பக்கம் ஒரு செருப்புச் சத்தம் புதுசாக் கேட்டா ஆட்டுக்கும் அந்த ஆளுக்கும் நடுவுல போயி நிக்கும். யாரும் சொல்லிக் குடுக்கல. மைனா அந்த நேரத்துல சாக்குப் பெட்டிகிட்ட படுத்து தூங்கிட்டு இருக்கும்.

23 மார்ச் 2025

வெயிலு. வெடியால ஆறு மணிக்கு ஆரம்பிச்சு ஆறே காலுக்கு முடிக்கறோம், அதுக்கு மேல வேண்டாம். டிரைவ்ல இருக்கற நாய் அலுத்துப்போச்சுன்னு சொல்லாது, நாக்கு அகலமா தொங்கி நுனி சுருண்டா நிறுத்திறணும். ஹெல்ப்பர் மாசம் ஒருக்கா வர்றாரு. இப்ப சாக்குல இருந்து மெத்து ஸ்லீவ்க்கு, அதான் ஹெல்ப்பர் கையில மாட்டற தடிச்ச உறைக்கு, மாறியாச்சு. மொத நாள் ஸ்லீவ பாத்து மைனா மோந்துட்டு என்னையப் பாத்துச்சு, 'இது யாரு வீட்டு தலகாணி'ங்கற மாதிரி. அவரு என்ன பண்ணுனாரு, பழைய அரிசி சாக்க ஸ்லீவ் மேல சுத்திக் கட்டிட்டாரு. ரெண்டாவது தடவையே நெறயக் கவ்விருச்சு. ரெண்டு வாரம் கழிச்சு சாக்க உருவிட்டாரு, அதுக்கு வித்தியாசமே தெரியல.

8 ஜூன் 2025

ஒரு வருசம் ஆச்சு இந்தப் பேச்சு ஆரம்பிச்சு. ட்ரையலுக்குப் போவீங்களான்னு கேட்டவருக்கு: ஐஜிபி 1 க்கு 18 மாசம் முடிஞ்சிருக்கோணும், அதுக்கு முந்தி பிஎச்ங்கற அடிப்படைத் தேர்வு பாஸாகோணும். மைனாவுக்கு ஆகஸ்டுல 18 முடியுது. காப்பு ஓரளவுக்கு வரும். கீழ்ப்படிதல் நான் கொழப்பாம இருந்தா வரும். மோப்பம்தான் கதை கந்தல். கொறங்காட்டுல நான் நடந்த தடத்த மோந்துட்டு ஒழுங்காத்தான் போகும், நடுவுல செம்மறி போன தடம் குறுக்க வந்துட்டா அதோட போயிரும், கடைசியில நான் வெச்ச கையுறை ஒரு பக்கம், அது ஆட்டுப் புழுக்கைகிட்ட ஒரு பக்கம்.

நேத்து அந்தச் சங்கத்துப் பெரியவரு வந்திருந்தாரு, பத்து மாசம் கழிச்சு. துண்டு தோள்ல இல்ல, இடுப்புல இறுக்கிக் கட்டியிருந்தாரு. மைனா லைன்ல என்ற பக்கத்துல உக்காந்திருக்குது. காப்பி குடிச்சாரு, வாயத் தொடைக்க கை தானா துண்டுக்குப் போச்சு, பாதியில நின்னுச்சு, மைனாவப் பாத்தாரு. அப்புறம் என்னையப் பாத்துட்டு, மெதுவா அவுத்து, படக்குனு ஒரு ஒதறு ஒதறுனாரு, வேணும்னே.

காது ரெண்டும் நின்னுச்சு. ஒடம்பு பூரா முன்னால சாஞ்சுது. பின்னங்கால் ரெண்டும் நடுங்குது, ஆனா குண்டி தரையில இருந்து எந்திரிக்கல. என்னையப் பாத்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல.

"பரவால்லியே"ன்னுட்டு துண்டால வாயத் தொடச்சாரு. அப்புறம் "அந்தச் சாக்கு எங்க வெச்சிருக்கற, கொண்டா பாக்கலாம்"னாரு. கொண்டாந்து குடுத்தேன். அஞ்சு நிமிசம் ஆச்சு, தரமாட்டேங்கறாரு.